வியாழக்கிழமைக் காய்ச்சல்

கூட்டம் ஆறரை மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். ஏழேகாலுக்குத் தொடங்கியிருக்கிறோம். குறையாகச் சொல்லவில்லை. இன்று வியாழக்கிழமை. திருப்பூரில் ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற வேலை, எடுத்துச் செய்கிற ஒருவர் வியாழக்கிழமை சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார முடிகிறது என்றால், அவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

நாளை மறுநாள் சம்பளம் போட வேண்டும். இந்த ஹாலில் இருக்கிற பாதிப் பேருக்கு இப்போதே உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். யாரிடம் எவ்வளவு வர வேண்டும், யார் கண்டிப்பாகக் கொடுப்பார், யார் போனையே எடுக்க மாட்டார். சரி, ஓடட்டும். நானும் அந்த நாற்காலியில் அப்படி உட்கார்ந்தவன்தான்.

சிறுதொழில் செய்கிறவர்கள் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். நான் டாக்டர் இல்லை. இருபத்தைந்து வருடமாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். நான்கு ஓவர்லாக் மெஷினில் ஆரம்பித்தேன், இன்று 22 பேர் வேலை செய்கிறார்கள். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

என் தூக்கத்துக்குக் கிழமைக் கணக்கு இருப்பதை முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். ஞாயிறு, திங்கள், செவ்வாய் படுத்தவுடன் குறட்டை. புதன் பரவாயில்லை. வியாழன் இரவு இரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் குடிப்பேன். வெள்ளிக்கிழமை தூக்கமே கிடையாது. சனிக்கிழமை சம்பளம் போட்டுவிட்டு வந்து படுத்தால் ஞாயிறு பத்து மணிக்குத்தான் எழுவேன். "உங்களுக்கு வந்திருக்கறது வியாழக்கிழமைக் காய்ச்சலுங்க" என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, ஊசி உடைந்ததற்காக ஒரு டெய்லரம்மாவை எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். பதினோரு வருடம் என்னிடம் வேலை செய்தவர். ஒரு ஊசி உடைவதெல்லாம் ஒரு விஷயமா? அதே ஊசி திங்கட்கிழமை உடைந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அடுத்த வாரமே அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நல்ல பிளாட்லாக் டெய்லர் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று அந்தக் கத்தலால் எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டால், அந்த வாரம் துண்டு விழுந்த பணத்தைவிட அதிகம் வரும்.

பணம் நெருக்கும்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று நம் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 2013-ல் சயின்ஸ் என்ற அறிவியல் இதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை என்று அதே ஆட்களுக்கே பரீட்சை வைத்தார்கள். '5 5 5' என்று காட்டி, எத்தனை எண் இருக்கிறது என்று சட்டென்று கேட்பார்கள். மூன்று என்று சொல்ல வேண்டும், வாயில் ஐந்து என்றுதான் வரும். அந்த மாதிரிப் பரீட்சை. அறுவடைக்கு முன், கையில் காசில்லாமல் நகையெல்லாம் அடகில் இருக்கிற நேரத்தில், அதிகம் தடுமாறினார்கள். கரும்புப் பணம் கைக்கு வந்தபின் அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள். மழையோ பருவமோ காரணம் என்று சொல்ல முடியாது. ஆலை எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு தராதே, ஒவ்வொருவர் அறுவடையும் ஒவ்வொரு வாரத்தில் வந்தது.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் முட்டாளாக இருப்பது என் குணத்தால் அல்ல. ஆனால் இன்னொன்றும் புரிந்தது. அந்த முட்டாள் வெள்ளிக்கிழமையில்தான் நான் ரேட் பேசியிருக்கிறேன், தண்டல் வாங்கியிருக்கிறேன்.

தண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. 10,000 ரூபாய்க்கு எழுதி, 8,500 கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வாங்குவார்கள். 1,500தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், வருடக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். 2003-லேயே கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நம்மில் யாராவது புகார் கொடுத்தோமா? அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வியாழன் மதியத்துக்கு மேல் எந்தக் கடனுக்கும் எந்த ரேட்டுக்கும் சரி சொல்வதில்லை. "திங்கட்கிழமை சொல்றேனுங்க", அவ்வளவுதான். இதனால் இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது. அதில் ஒன்றை எடுத்த நண்பர் இன்றுவரை பணத்துக்கு அலைகிறார்.

இப்போது உங்களுக்கு வினோதமாகப் படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 2020 ஊரடங்கில் நான் நன்றாகத் தூங்கினேன். 2011-ல் நீதிமன்ற உத்தரவால் சாயப் பட்டறைகள் மூடிக் கிடந்தபோதும் தூங்கினேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஊரே கலங்கியது, நானும் கலங்கினேன், ஆனால் தூங்கினேன். ஏன்? எல்லோருக்கும் ஒரே கஷ்டம். டீக்கடையில் நின்று உரக்கப் பேசலாம். பணம் இல்லை என்று சொல்ல வெட்கம் கிடையாது. ஒன்றுமே நடக்காத ஒரு சாதாரண வாரத்தில் 38,000 ரூபாய் துண்டு விழுந்தபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. டீக்கடையில் "எப்படிப் போகுதுங்க?" என்று கேட்டார்கள். "நல்லாப் போகுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த 38,000 விவகாரத்தை வீட்டில் சொல்லாமல் மூன்று வாரம் இழுத்தேன். முகத்தைப் பார்த்து அவளே கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்துவிட்டாள். "நான் என்னமோ ஏழெட்டு லட்சம்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க." நான் மறைத்ததால் அவளும் மூன்று வாரமாகத் தூங்கவில்லை. அதுவும் இல்லாத கடனுக்காக!

அன்று இரவு அவள்தான் பழைய காலண்டரைத் திருப்பிப் போட்டு எட்டுக் கட்டம் கிழித்தாள். ஒரு கட்டம் ஒரு வாரம். மேல் பாதியில் வரவேண்டிய பணம், கீழ்ப் பாதியில் போகவேண்டிய பணம். சம்பளம், வாடகை, கரண்ட் பில், 15-ம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., பேங்க் தவணை எல்லாம் கீழே. மேலே எழுதுவதற்கு ஒரே நிபந்தனை வைத்தாள். கண்டிப்பாக வரும் என்றால் மட்டும் பேனாவில் எழுத வேண்டும், 'தருகிறேன்' என்று சொன்னவர் பெயர் பென்சிலில். கூட்டும்போது பென்சிலைச் சேர்க்கக் கூடாது. தீபாவளி போனஸும், தீபாவளிக்குப் பின் ஆட்கள் ஊருக்குப் போய் மெஷின் ஓடாமல் வாடகை மட்டும் ஓடுகிற நாட்களும், இரண்டு மாதம் முன்பே தாளில் வந்து உட்கார்ந்துவிடும்.

துண்டு விழுவது இந்தத் தாளால் நிற்கவில்லை. ஆனால் ஐந்து வாரம் முன்பே தெரிந்துவிடுகிறது. ஐந்து வாரம் முன்பு போய், நமக்குப் பணம் தரவேண்டிய பார்ட்டியிடம் பேசும்போது குரல் உடைவதில்லை. அப்புறம், பணம் கேட்கப் போவதைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினேன். வெள்ளிக்கிழமை ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிறோம், அங்கேயும் அதே காய்ச்சல்தானே!

ஜி.எஸ்.டி. பணத்தைத் தொடவே தொடாதீர்கள். நமக்கு ஜாப் ஒர்க் பில்லில் 5 சதவீதம். 4 லட்சத்துக்குப் பில் போட்டால் 20,000. பார்ட்டி தொண்ணூறு நாள் கழித்துக் கொடுத்தாலும் மாதக் கணக்குக் காட்டுகிறவர்கள் அடுத்த மாதம் 20-ம் தேதி கட்டியாக வேண்டும். தாமதமானால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி. அந்தப் பணத்தை எடுத்து நான் ஒருமுறை சம்பளம் போட்டேன், மீள்வதற்கு ஏழு மாதமானது. இப்போது அதற்குத் தனிக் கணக்கு, அந்த ஏ.டி.எம். கார்டு மனைவியிடம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2006-ம் வருடச் சட்டப்படி, நம்மைப் போன்ற குறு, சிறு யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கிற அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்பதும் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தொழிலையே முடித்துக்கொள்ளத் தயாரான பார்ட்டி மேல்தான் நான் அந்த வழிக்குப் போவேன். ஆனால் வருமான வரிச் சட்டத்தில் ஒரு திருத்தம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கெடு தாண்டிய நம் பில்லை வருடக் கடைசிக்குள்ளும் கொடுக்காவிட்டால், அந்தத் தொகையைப் பார்ட்டி அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. பார்ட்டியின் ஆடிட்டரே அவரை விரட்டுவார். அதற்கு நமக்கு உதயம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு, இருக்க வேண்டும்; அந்த எண்ணைப் பில்லில் போட்டுவிடுங்கள். பதிவு இலவசம். ஏஜென்டிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்கள் கையைத் தூக்க வேண்டாம்.

வேலை செய்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சனிக்கிழமையைவிட அவர்கள் சனிக்கிழமை கனமானது. வாடகை, குழுக் கடன், மளிகை எல்லாம் அந்தக் கவரை நம்பித்தான் இருக்கிறது. ஒருமுறை பாதி சனிக்கிழமை, மீதி செவ்வாய் என்று தர வேண்டி வந்தது. புதன்கிழமையே சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார்கள், ஆனால் யாரும் போகவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் போயிருப்பார்கள், போவதுதான் நியாயம்.

உடம்பு. பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் கட்டாயம். கட்டிங் என்றால் இந்த ஊரில் இரண்டு அர்த்தம், நான் சொல்வது மேஜையில் துணி வெட்டுகிறதை அல்ல, குடிக்கிறதை. அது படுத்தவுடன் தூங்க வைக்கும், பாதி ராத்திரியில் எழுப்பியும் விடும். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், செய்கிறவர்கள் செய்யுங்கள், பேமென்ட் அதில் வராது. ஆனால் வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று நினைப்பு ஓடுகிறது என்றால், அது காலண்டரில் தீராது. டாக்டரிடம் போங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசிக்க வேண்டாம், அவரும் பதிகிறார்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் நாற்காலிகளில் ஒரு வெள்ளைத் தாள் வைக்கச் சொல்லியிருந்தேன். சிலர் அதை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறீர்கள். பிரியுங்கள். எட்டுக் கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தின் கீழ்ப் பாதியில் நாளை மறுநாள் தரவேண்டிய சம்பளத்தை எழுதுங்கள். பேனா இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள், தம்பி கொண்டுவந்து தருவார். பென்சிலும் இருக்கிறது.