டாட்டூ குத்தப் போகிறீர்களா? ஸ்டென்சில் காய்வதற்குள் பேசிவிடுங்கள்

[திரையில்: என் இடது முன்கை, மேசைமேல் மடக்கி வைத்தபடி]

வணக்கம். முதலில் இந்தக் கையைப் பாருங்கள். ஒற்றைப் பனைமரம், ஐந்து வருடத்துக்கு முன்னால் குத்தியது. சுத்தமான வேலை, ஓலையின் ஒவ்வொரு கீற்றும் இன்றைக்கும் தனித்தனியாகத் தெரிகிறது. இப்போது கையைத் தொங்கவிடுகிறேன்.

[திரையில்: கை கீழே இறங்குகிறது, மரம் சாய்கிறது]

மரம் சாய்ந்துவிட்டது, இல்லையா? கையைத் திருப்பும்போது தோலும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். கை மேசையில் இருந்தபோது ஸ்டென்சில், அதாவது குத்தப் போகும் படத்தின் கோடுகளைத் தோலில் பதிக்கும் தாள், ஒட்டினார்கள், எழுந்து கண்ணாடியில் பார்த்தபோதே எனக்குச் சாய்வு தெரிந்துவிட்டது. ஆனால் ஆர்டிஸ்ட் ஏற்கனவே ஒரு தடவை அழித்து ஒட்டியிருந்தார், மறுபடியும் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று வாயைத் திறக்காமல் போய் உட்கார்ந்துவிட்டேன். அழித்து ஒட்ட அதிகம் போனால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

டாட்டூ கடையில் மரியாதையாக நடந்துகொள்வது என்றால் பேசாமல் இருப்பது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன், அது தப்பு. அந்தக் கடையில் இருக்கும் எழுதாத விதிகள் எல்லாமே இரண்டு விஷயங்களிலிருந்துதான் வருகின்றன: ஊசிக்குக் கீழே இருப்பது திறந்த காயம், ஊசி பிடித்திருக்கும் கை ஆடக் கூடாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் எங்கே பேச வேண்டும், எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

[அனிமேஷன்: தோலின் குறுக்குவெட்டு, மேலடுக்கும் உள்ளடுக்கும் வெவ்வேறு நிறத்தில்]

சரி, தோலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மேலே இருக்கும் எபிடெர்மிஸ் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும் அடுக்கு, அங்கே மை வைத்தால் தங்காது. அதற்குக் கீழே இருக்கும் டெர்மிஸில்தான் வைக்க வேண்டும், அதாவது தோலின் மேற்பரப்பிலிருந்து சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில். இடத்துக்கு இடம் தோலின் தடிமன் வேறு என்பதால் உள்மணிக்கட்டில் அழுத்தும் அளவுக்கும் தோள்பட்டையில் அழுத்தும் அளவுக்கும் வித்தியாசம் உண்டு. மேலோட்டமாகப் போனால் ஆறும்போது நிறம் கொட்டிவிடும், அளவுக்கு மீறி ஆழமாகப் போனால் மை கொழுப்பில் பரவிக் கோட்டைச் சுற்றி நீலமாகக் கசிந்தது போல நின்றுவிடும், இதைத்தான் ப்ளோஅவுட் என்கிறார்கள். இத்தனை சின்ன இடைவெளிக்குள், நொடிக்குப் பல பத்து முறை ஏறி இறங்கும் ஊசியை ஒருவர் மணிக்கணக்காகக் கையால் பிடித்து நடத்துகிறார்.

போன மை ஏன் அங்கேயே நிற்கிறது? உடம்பின் காவல் செல்களான மேக்ரோஃபேஜ்கள் அதை வெளியாள் என்று விழுங்கிவிடுகின்றன, ஆனால் செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த செல் செத்தால் மை வெளியே விழும், பக்கத்தில் வரும் அடுத்த செல் அதை எடுத்துக்கொள்ளும். 2018-ல் பிரான்சில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் இது தெரியவந்தது. 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, ஓட்ஸி என்று பெயரிடப்பட்ட பழங்கால மனிதரின் உடலில் சுமார் 5,300 வருடங்கள் கழித்தும் பச்சை குத்திய 61 குறிகளை எண்ண முடிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஆர்டிஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள்.

[திரையில்: பக்கத்தில் பக்கம் இரண்டு படங்கள், அன்று குத்தியது, ஆறிய பிறகு]

ஆர்டிஸ்ட்டின் படங்களைப் பார்க்கும்போது குத்திய அன்றைக்கு எடுத்த படத்தை நம்பாதீர்கள், அன்றைக்கு எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். ஆறிய பிறகு எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள், ஒரு வருடம் கழித்து எடுத்தது இருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு வேண்டியது மெல்லிய கோட்டு வேலை என்றால் அதைத் தினமும் செய்கிறவரிடம் போங்கள். ரியலிசம், அதாவது போட்டோ மாதிரியே முகங்கள் வரைவதில் கெட்டிக்காரர் எழுத்து வேலையிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது.

எழுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் பெயரோ வரியோ குத்திக்கொள்கிறவர்கள் 'ண', 'ணை' மாதிரி சுழிகளைக் கவனியுங்கள். தோலில் கோடு வருடாவருடம் கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போகும், சின்னதாக எழுதினால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். ஆர்டிஸ்ட் "இன்னும் பெரிதாகப் போடலாம்" என்றால் காசுக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் புள்ளி. ஆர்டிஸ்ட்டுக்குத் தமிழ் தெரியாது என்றால், அவருக்கு அது ஒரு வடிவம் மட்டும்தான், ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள்தான் சரியான எழுத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோக வேண்டும், தமிழ் நன்றாகத் தெரிந்த இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் முறை தொடர்புகொள்ளும்போது "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் அனுப்பினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. என்ன வேண்டும், உடம்பில் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், கறுப்பா கலரா, அந்த இடத்தில் தழும்போ பழைய டாட்டூவோ இருக்கிறதா, எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதி இரண்டு மூன்று மாதிரிப் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். மாதிரிப் படம் என்றால் மாதிரிக்கு மட்டும். இன்னொருவர் உடம்புக்காக இன்னொரு ஆர்டிஸ்ட் வரைந்ததை அப்படியே குத்தச் சொல்லாதீர்கள், நல்ல ஆர்டிஸ்ட் செய்யவும் மாட்டார். அட்வான்ஸ் கேட்பது உங்களுக்காக ஒதுக்கும் நேரத்துக்கும் வரைவதற்கும், பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள். வர முடியவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், சொல்லாமல் இருந்துவிட்டால் அவருக்கு அன்றைய வேலை முழுவதும் போய்விடும். பேரம் பேசாதீர்கள். கையில் இருக்கும் பணத்தை நேராகச் சொல்லி இதற்குள் என்ன செய்யலாம் என்று கேட்டால் படத்தை எளிமையாக்கியோ சின்னதாக்கியோ அவரே ஒரு வழி சொல்வார்.

[திரையில்: மூடிய ஊசிப் பொட்டலம், அதன்மேல் காலாவதித் தேதி]

கடைக்குள் போனதும் நீங்கள் கேட்டே ஆக வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. ஊசிப் பொட்டலத்தை என் கண்முன்னால் பிரிப்பீர்களா? தேதி என்ன? திரும்பப் பயன்படுத்தும் கருவிகளை ஆட்டோகிளேவில் போடுகிறீர்களா? ஆட்டோகிளேவ் என்பது அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் மேல் நீராவியில் கிருமிகளைக் கொல்லும் பெட்டி, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுப்பது அதற்கு ஈடாகாது. சுத்தமில்லாத ஊசியால் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பரவும். மையைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் அது கிருமி நீக்கிய தண்ணீர்தானா என்றும் கேளுங்கள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 2011 கடைசியில் 19 பேருக்குத் தோலில் ஒரு பாக்டீரியா தொற்று வந்தது, காரணம் முன்பே கலந்து விற்கப்பட்ட சாம்பல் நிற மை. இதையெல்லாம் கேட்டால் கோபப்படுகிற இடத்தில் குத்திக்கொள்ள வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

அதே மாதிரி நீங்களும் எதையும் தொடக் கூடாது. மைக் கிண்ணங்கள், பிளாஸ்டிக் சுற்றிய மெஷின், ட்ரே எல்லாம் கிருமியில்லாமல் எடுத்து வைத்தவை, ஆர்வத்தில் ஒரு விரல் பட்டாலும் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்ற வேண்டும். கூட்டமாகப் போகாதீர்கள், துணைக்கு ஒருவர் போதும், அதையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். குழந்தைகளை அழைத்துப் போகவே வேண்டாம்.

முந்தைய நாள் நன்றாகத் தூங்குங்கள், மது வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். குளித்துவிட்டுப் போங்கள், மணிக்கணக்காக ஒருவர் உங்கள் தோலுக்குப் பக்கத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறார். மரத்துப்போகும் கிரீமைச் சொல்லாமல் பூசிக்கொண்டு போகாதீர்கள், தோலின் தன்மை மாறுவது அவர் கைக்குத் தெரியும், காரணம் தெரியாமல் திணறுவார். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை நோய், தழும்பு புடைத்து வளரும் கீலாய்டு, ஒவ்வாமை, கர்ப்பம், எது இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆர்டிஸ்ட்டிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

[திரையில்: ஊதா நிற ஸ்டென்சில் தோலிலிருந்து மெதுவாகப் பிரிகிறது]

இப்போது ஸ்டென்சில். இந்த ஊதாத் தாள் அந்தக் காலத்து ஆபீஸ் நகலெடுக்கும் வேலையிலிருந்து வந்தது. மெஷினும் அங்கிருந்துதான், எடிசன் 1876-ல் காப்புரிமை வாங்கிய மின்சாரப் பேனா, நகலெடுக்கும் தாளில் வரிசையாகத் துளை போடும் கருவி. அந்த யோசனையை மாற்றியமைத்துத்தான் சாமுவேல் ஓ'ரெய்லி 1891-ல் நியூயார்க்கில் டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் தாளில் பிழை வந்தால் இன்னொரு தாள் எடுக்கலாம், இங்கே ஸ்டென்சில் வரைக்கும்தான் அந்தச் சலுகை.

முடியை மழித்து, துடைத்து, ஜெல் தடவி, தாளை ஒட்டி உரித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடுவார்கள். அந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள். எழுந்து நின்று கண்ணாடியில் பாருங்கள். சாதாரணமாக எப்படி நிற்பீர்களோ அப்படி நின்று, கையைத் தொங்கவிட்டு, மடக்கி, திருப்பி, நடந்து பாருங்கள். போட்டோ எடுத்தும் பாருங்கள், கண்ணாடியில் எழுத்து இடம் வலம் மாறித் தெரியும். எழுத்தாக இருந்தால் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைக்காமல் படித்துப் பாருங்கள், புள்ளிகளை எண்ணுங்கள். கையில் போடும் படம் கை தொங்கும்போது எதிரில் நிற்பவருக்கு நேராகத் தெரிய வேண்டும் என்றுதான் பெரும்பாலான ஆர்டிஸ்ட்கள் சொல்வார்கள், உங்களுக்கு உங்கள் பக்கம் பார்த்து வேண்டும் என்றால் அதையும் இப்போதே சொல்ல வேண்டும். அரை சென்டிமீட்டர் மேலே, கொஞ்சம் இடப்பக்கம், மூன்றாவது தடவை, நான்காவது தடவை, பரவாயில்லை, சொல்லுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்தால் போய்விடும். "உன்னிப்பாகப் பார்க்கிற வாடிக்கையாளர் எனக்குத் தலைவலி இல்லை, தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அழுகிறவர்தான் தலைவலி" என்று என் இரண்டாவது டாட்டூவைக் குத்தியவர் என்னிடம் சொன்னார்.

ஊசி இறங்கிய பிறகு ஆர்டிஸ்ட்டின் கை உங்களை நம்பித்தான் ஓடுகிறது. தும்மல், இருமல், கால் மரத்துப்போனது, எதுவாக இருந்தாலும் அசைவதற்கு முன்னால் சொல்லுங்கள், அவர் ஊசியை எடுத்துவிடுவார். வலி தாங்கவில்லை, தலை சுற்றுகிறது என்றாலும் சொல்லுங்கள், இடைவேளை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேச்சு அவர் விருப்பம், சிலர் கதை பேசிக்கொண்டே குத்துவார்கள், சிலருக்கு அமைதி வேண்டும், பதில் சுருக்கமாக வந்தால் விட்டுவிடுங்கள். வீடியோ எடுக்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அதில் விழக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு, உங்களுக்குக் குத்தியவர் என்ன சொன்னாரோ அதைச் செய்யுங்கள், நண்பர் சொன்னதை அல்ல. பொதுவாக, கை கழுவிவிட்டு வாசனையில்லாத சோப்பில் மெதுவாகக் கழுவி, ஒற்றியெடுத்து, லோஷனை மெல்லிசாகத் தடவுவது. நீச்சல், கடல், நேர் வெயில் மூன்றும் இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டாம். நான்கைந்து நாளில் அரிக்கும், கலரோடு சேர்ந்து தோல் உரியும், பயப்படாதீர்கள், பிய்க்கவும் செய்யாதீர்கள். சிவப்பு பரவிக்கொண்டே போனால், சூடாக இருந்தால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் கடைக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

மேல்தோல் ஆறிவிட்டாலும் உள்ளே முழுதாக ஆற மாதங்கள் ஆகும். ஆறாவது வாரம் வாக்கில் நல்ல பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், ஒரு படம் எடுத்து ஆர்டிஸ்ட்டுக்கு அனுப்புங்கள். எங்கேயாவது கோடு விட்டுப்போயிருந்தால் டச்சப் செய்ய அவருக்கு அதுதான் தேவை. தான் போட்ட மை ஆறி எப்படி நிற்கிறது என்று அவர் பார்ப்பது, நீங்கள் அனுப்பினால்தான்.

[திரையில்: கண்ணாடி முன் நிற்கும் ஒருவர், கையைத் தொங்கவிட்டு ஊதா ஸ்டென்சிலைப் பார்க்கிறார்]