மூன்று லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். உலகின் மிகக் கொடிய நிலநடுக்கங்களைப் பட்டியலிடும் புத்தகங்களில் வெகுகாலம் ஒரு வரி இருந்தது: கல்கத்தா, 1737 அக்டோபர், பலி 3 லட்சம்.

அந்தக் காலத்துக் கல்கத்தாவின் மக்கள்தொகை சுமார் 20 ஆயிரம்தான் இருக்கும். அப்புறம் 3 லட்சம் பேர் எங்கிருந்து வந்து இறந்தார்கள்? ரோஜர் பில்ஹாம் என்ற நிலநடுக்க ஆய்வாளர் 1990களில் இதைக் கிளறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வரி வசூல் அதிகாரி ஒருவர் அப்போதே எழுதி வைத்திருந்தார். புயல், வெள்ளம், கூரை வீடுகள் நாசம், ஊருக்குள் சுமார் 3 ஆயிரம் பேர் சாவு. 3 லட்சம் என்பது கப்பல்காரர்கள் கொண்டுபோன செய்தி. நிலம் அதிர்ந்ததோ இல்லையோ, ஆளைக் கொன்றது புயல்தான். பழைய பட்டியலைப் பார்த்துப் புதிய பட்டியல் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

கணக்கு ஒழுங்காக எடுத்த நாட்டிலும் சிக்கல் வரும். 1923 செப்டம்பர் 1, ஜப்பானின் கான்டோ நிலநடுக்கம். மதியச் சமையல் நேரம், ஊரெங்கும் தீ. டோக்கியோவில் பழைய ராணுவ உடைக் கிடங்கு இருந்த திடலில் தஞ்சம் புகுந்தவர்களில் சுமார் 38 ஆயிரம் பேரைத் தீச்சுழல் அங்கேயே எரித்துவிட்டது. யார் உடல் எது என்று சொல்ல வழியில்லை. அந்த உடல்கள் ‘இறந்தவர்’ கணக்கில் ஏறின. அதே ஆட்களைத் தேடி உறவினர்கள் புகார் கொடுக்க, ‘காணாமல் போனவர்’ கணக்கிலும் ஏறினார்கள். இரண்டையும் கூட்டி வந்த 1 லட்சத்து 42 ஆயிரம்தான் பல பத்தாண்டுகள் அதிகாரபூர்வ எண். இந்த நூற்றாண்டில்தான் அதை ஏறக்குறைய 1 லட்சத்து 5 ஆயிரமாகத் திருத்தினார்கள்.

எண்ணிக்கை எப்போதும் கூடித்தான் போகும் என்றில்லை. 1906 சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பத்தில் சொன்னது சில நூறு பேர். சீனர் குடியிருப்பில் இறந்தவர்களை ஒழுங்காக எண்ணவே இல்லை. முதலீடு ஓடிவிடுமோ என்ற பயம் நகரத்துப் பெரிய மனிதர்களுக்கு. நகர ஆவணக் காப்பாளர் கிளாடிஸ் ஹான்சன் பெயர் பெயராகத் தேடியதில் எண்ணிக்கை 3 ஆயிரத்தைத் தாண்டியது. சீனாவின் டாங்ஷான், 1976: அரசு சொன்னது 2 லட்சத்து 42 ஆயிரம், அதுவும் 3 வருடம் கழித்து. அதற்குள் 6 லட்சத்து 55 ஆயிரம் என்ற பேச்சு உலகைச் சுற்றிவிட்டது.

சரி, இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். 2010 ஹைட்டிக்கு வாருங்கள். அரசின் எண் 3 லட்சத்து 16 ஆயிரம். அமெரிக்க உதவி நிறுவனத்துக்காக வீடு வீடாக விசாரித்துத் தயாரித்த அறிக்கை சொன்னது 46 ஆயிரம் முதல் 85 ஆயிரம் வரை. பெருங்குழிகளில் மொத்தமாகப் புதைத்தபோது யாரும் பதிவேடு வைக்கவில்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டுச் சொல்பவர்களும் உண்டு. அதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இரண்டு எண்களையும், யார் எப்படி எண்ணினார்கள் என்பதோடு சேர்த்தே சொல்லிவிடுவேன். நன்றி, வணக்கம்.