படத்தை முதலில் யாருக்குப் போட்டுக் காட்டுவது?

நண்பர்களே, வணக்கம்.

ஊர் மக்களின் குரலை ஆவணப்படமாக எடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். கேமரா, ஒலிப்பதிவு, எடிட்டிங் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். எடுத்த படத்தை முதலில் யாருக்குப் போட்டுக் காட்டுகிறோம்? விழாக்களுக்கு அனுப்புகிறோம். அப்புறம் நகரத்தில் ஒரு திரையிடல். யார் பேசினார்களோ அவர்கள் ஊருக்குப் படம் கடைசியாகத்தான் போகிறது. பல சமயம் போவதே இல்லை.

இந்த வரிசையை மாற்றிய ஒரு தீவைப் பற்றிச் சொல்கிறேன். கனடாவில், நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தின் வடகிழக்குக் கரையை ஒட்டியிருக்கிறது ஃபோகோ தீவு. 1960களில் சிறுசிறு ஊர்களாகச் சுமார் 5,000 பேர் அங்கே வாழ்ந்தார்கள். காட் மீன்தான் பிழைப்பு. ஆழ்கடலில் பெரிய இழுவைக் கப்பல்கள் வாரிக்கொண்டு போனதில் கரையோரச் சிறு படகுக்காரர்களுக்கு மீன்பாடு குறைந்தது. பாதிக்கு மேற்பட்டோர் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளினார்கள். நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசு சொன்ன வழி, ஊரைக் காலி செய்துவிட்டு வேறு இடம் போங்கள் என்பது. 1954 முதல் 1975 வரை அந்த மாகாணத்தில் ஏறத்தாழ 30,000 பேர் அப்படி இடம் மாற்றப்பட்டார்கள்.

1967இல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோ ஃபோகோவுக்குப் போனார். அந்த மக்களோடு ஏற்கெனவே பழகியிருந்த ஃபிரெட் ஏர்ல் கூட இருந்தார். மெமோரியல் பல்கலைக்கழகத்தின் களப்பணியாளர் அவர். ஒரே நீண்ட படமாக எடுத்திருக்கலாம். லோ அப்படிச் செய்யவில்லை. ஒரு மனிதர், ஒரு கூட்டம், ஒரு விஷயம் என்று தனித்தனியாக இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் எடுத்தார். ஒருவர் பேச்சை நடுவில் வெட்டி அதன் பக்கத்தில் இன்னொருவரின் மறுப்பை ஒட்டினால், யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது எடிட்டர்தான். பத்து விநாடி பைட், அதாவது ஒரு துண்டுப் பேச்சு, வாங்கிக்கொண்டு கிளம்பும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரு படத்தில், தீவை விட்டு டொராண்டோவுக்குக் கிளம்பப்போகும் மீனவர் ஏன் போகிறேன், யார் மீது கோபம் என்று தன் போக்கில் சொல்கிறார். இன்னொன்றில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இன்னொன்று, ஒரு வீட்டில் நடந்த விருந்து. இந்த விருந்துப் படம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கஷ்டத்தைச் சொல்லும்போது மட்டும் ஒருவரைப் படம்பிடித்தால், அவரை மனு கொடுக்க வந்தவராகவே நிறுத்திவிடுகிறோம். சிரிப்பதும் பாடுவதும் அவர் குரல்தான்.

சரி, எடுத்த பிறகு என்ன செய்தார்கள்? பேசியவருக்கே முதலில் போட்டுக் காட்டினார்கள். இது வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஊர் ஊராகத் திரையிட்டார்கள். அந்த ஊர்கள் ஒன்றோடொன்று அவ்வளவாகப் புழங்காதவை. சர்ச்சும் வேறு வேறு. நேருக்கு நேர் குறை சொல்லத் தயங்குகிற சனங்கள், அதே குறையைத் திரையில் ஒருவர் சொன்னபோது கடைசிவரை கேட்டார்கள். அடுத்த ஊர்க்காரருக்கும் தன் பாடுதான் என்று தெரிந்தது. படங்கள் மாகாண அமைச்சர்களுக்கும் போயின. மீன்வளத்துறை அமைச்சர் கேமரா முன்னால் பதில் சொன்னார். அந்தப் பதிலைத் தீவுக்குக் கொண்டுவந்து ஊராருக்குக் காட்டினார்கள். அதிகாரத்திடமிருந்து பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்த படங்கள் உலகத்தில் எத்தனை இருக்கும்?

மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பெரிய படகுகள் கட்டினார்கள். தீவு காலியாகவில்லை. இன்றும் அங்கே 2,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். எல்லாம் படத்தால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கேமரா போவதற்கு முன்பே தீவில் ஒரு மேம்பாட்டுக் குழு இருந்தது. கூடிப் பேச ஆரம்பித்திருந்த மக்கள் கையில் அந்தப் படங்கள் கிடைத்தன. அதனால் நீங்களும் ஒரு ஊருக்குப் போனால், சங்கமோ மகளிர் குழுவோ, அங்கே யார் ஏற்கெனவே கூடிப் பேசுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

பட்ஜெட் போடும்போதே ஊர்த் திரையிடலுக்குப் பணம் ஒதுக்குங்கள். புரொஜெக்டர் வாடகை, திரை, ஸ்பீக்கர், வண்டிச் செலவு, இவ்வளவுதான். கடைசியில் மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் மிச்சம் இருக்கவே இருக்காது.

கேமரா நம் கையிலேயே இருக்க வேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. 1984இல் அகமதாபாத்தில், சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் பெண்களுக்கு வீடியோ பயிற்சி கொடுத்தார்கள். காய்கறி விற்பவர்கள் அதில் இருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே படம் எடுத்தார்கள். நம்முடைய அடுத்த பயிற்சிக்கு வரும்போது, நீங்கள் படம் எடுக்கிற ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்களுக்கான பயணச் செலவையும் நாம்தான் கொடுக்க வேண்டும். அதை இன்றைக்கே இங்கே பேசி முடிவு செய்துவிடலாம்.