உள்ளங்காலையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்

வணக்கம். இன்றைக்கு மச்சத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். எந்தப் பக்கம் மச்சம் இருந்தால் யோகம் என்று பலன் சொல்லும் வீடியோ இல்லை. தோல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க, நம் உடம்பில் எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுத வாத்தியார் மச்சம் தேடியது ஞாபகம் இருக்கிறதா? கை, கழுத்து, கன்னம் என்று வெளியே தெரிகிற மச்சத்தைத்தான் எழுதுவார்கள். செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டு என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோல்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த உள்ளங்கால்தான்.

தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் என்ற செல்லில் வரும் புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். வெள்ளைத் தோல்காரர்களுக்கு, குறிப்பாக ஆஸ்திரேலியா மாதிரி வெயில் நாட்டில் வாழ்பவர்களுக்கு, இது அதிகம். முதுகிலும் காலிலும் வெயில் பட்ட இடத்தில் வரும். நம் தோலில் இருக்கும் நிறமி வெயிலிலிருந்து நம்மைப் பெருமளவு காப்பாற்றுகிறது. அதனால் இந்தியாவில் மெலனோமா மிக அரிது. இந்த வீடியோவைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம்.

ஆனால் அரிதாக வரும்போது எங்கே வருகிறது? பல சமயம் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில். அக்ரல் மெலனோமா என்பார்கள். இந்த வகைக்கு வெயில் முக்கியக் காரணம் இல்லை, அதனால் சன்ஸ்கிரீன் தடவினாலும் இதைத் தடுக்க முடியாது. யாரும் பார்க்காத இடம் என்பதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகிறது. எனக்கு ஆதங்கமே அதுதான். கண்ணால் பார்த்தே சந்தேகப்படக்கூடிய ஒரு புற்றுநோய், யாரும் பார்க்காததால் முற்றிப்போகிறது.

பாப் மார்லியைத் தெரியும்தானே, ஜமைக்காவின் ரெகே பாடகர்? 1977-இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் இதைத்தான் கண்டுபிடித்தார்கள். கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். 1981 மே மாதம் இறந்தபோது அவருக்கு வயது 36.

சரி, எப்படிப் பார்ப்பது? கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இதோ, ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து, போன் டார்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். கால் கழுவி ஈரம் துடைத்த பிறகு பாருங்கள், அழுக்கும் வெடிப்பும் குழப்பாது. குதிகால், நடுப்பாதம், அப்புறம் ஒவ்வொரு விரலையும் விலக்கி இடுக்கு. குனிய முடியாத பெரியவர்களுக்கு வீட்டில் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். முதுகுக்கு எண்ணெய்க் குளியல் நாள் ரொம்ப வசதி, எப்படியும் ஒருவர் தேய்த்துவிடுவார். மருதாணியும் நெயில் பாலிஷும் போடுகிறவர்கள் அது போன பிறகு ஒரு தடவை நகத்தைப் பாருங்கள்.

நகத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு இருந்தால் உடனே பதற வேண்டாம். நம் நிறத்துக்குப் பல விரல்களில் அப்படி இருப்பது சகஜம். ஒரே ஒரு நகத்தில், பெரியவரான பிறகு புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போகும் கோடுதான் சந்தேகத்துக்குரியது. கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவியிருந்தால் நாள் கடத்தவே கூடாது. அடிபட்டுக் கட்டிய ரத்தம் என்றால் நகம் வளர வளர முன்னால் நகர்ந்து வெளியேறும். கால் பெருவிரல் நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். அதுவரை சும்மா காத்திருக்காமல், மாதம் ஒரு போட்டோ எடுத்தால் நகர்கிறதா என்று தெரிந்துவிடும். நகராமல் அப்படியே நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மச்சத்துக்கு 1985-இல் நியூயார்க் மருத்துவர்கள் ஏ, பி, சி, டி என்று ஒரு வழி சொன்னார்கள். இரண்டு பாதியும் ஒத்துப்போகாதது, ஓரம் ஒழுங்கில்லாதது, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். பிற்பாடு 2004-இல் இ சேர்ந்தது, அதாவது மாற்றம். எனக்கு இந்தக் கடைசி எழுத்துதான் முக்கியமாகப் படுகிறது. பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கும் பெரிய மச்சத்தைவிட, நாற்பது வயதில் புதிதாக முளைத்து வளரும் சின்னப் புள்ளிக்குத்தான் கவனம் தேவை. மெலனோமா பெரும்பாலும் பழைய மச்சத்திலிருந்து கிளம்புவதில்லை, வெறும் தோலில் புதிதாகத்தான் வருகிறது.

சில நேரம் கறுப்பே இருக்காது. சிவந்த புண் மாதிரி, ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கும். சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரைப் புண் என்றும், மற்றவர்களுக்குக் கால் ஆணி என்றும் நினைத்து மாதக்கணக்கில் மருந்து போடுவார்கள். மருந்து போட்டும் ஆறாத புண்ணுக்கு, சதைப் பரிசோதனை தேவையா என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள். அதில் தப்பே இல்லை.

மச்சத்தைத் தயவுசெய்து சுண்ணாம்பு வைத்துச் சுடாதீர்கள். பார்லரில் கொடுத்து எரிக்கவும் வேண்டாம். எரித்துவிட்டால் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சதையே மிஞ்சாது. மேலே ஆறிப்போனாலும் அடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

தோல் டாக்டர் டெர்மாஸ்கோப் என்ற வெளிச்சமுள்ள பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். வலிக்காது. உள்ளங்காலில் ரேகை மேடும் பள்ளமுமாக இருக்கிறதல்லவா? சாதாரண மச்சத்தில் நிறமி பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும், மெலனோமாவில் மேட்டில் படியும். சந்தேகம் வந்தால் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "கத்தி பட்டால் பரவிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். பயாப்ஸி என்கிற இந்தச் சதைப் பரிசோதனையால் மெலனோமா பரவுவதில்லை. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் அளந்துதான் சிகிச்சையை முடிவு செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் பிடித்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். ஆழமாகப் போய் நெறிகட்டும் இடத்துக்கும் நுரையீரலுக்கும் பரவிய பிறகு சிகிச்சை ரொம்பக் கஷ்டம்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டலாம். உங்கள் மச்சத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டாம். படத்தைப் பார்த்து இது அதுவா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்தப் போட்டோவைத் தேதியோடு போனில் வைத்திருங்கள், டாக்டரிடம் போகும்போது அதையும் காட்டுங்கள்.