பெக்கோ இறங்க முதல்: நகரக் காணிக்கு அடியில் என்ன கிடக்கிறது?

[காட்சி: மன்னார் நகர நுழைவு]

மன்னார் நகர நுழைவில் அரச விற்பனை நிலையமான சதொசவின் கட்டடத்தைப் புதிதாகக் கட்ட 2018இல் அத்திவாரம் வெட்டினார்கள். வெட்டிய மண் டிப்பரில் ஏறி, வளவு நிரப்புவதற்கு விலைக்குப் போனது. அப்படிக் கொட்டிய மண்ணில்தான் மனித எலும்பு கண்ணில் பட்டது. பிறகு நீதிமன்ற மேற்பார்வையில், தொல்லியலாளர் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் சேர்ந்து தோண்டியபோது 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அமெரிக்க ஆய்வகத்துக்குப் போன 6 மாதிரிகளின் காலம் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டது என்று 2019 மார்ச்சில் அறிக்கை வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் குடும்பங்கள் அதை ஏற்கவில்லை.

அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது டிப்பரில் போன அந்த மண். எது எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்ற விபரம் அதோடேயே போய்விட்டது. எந்த ஆய்வகமும் அதைத் திருப்பித் தராது.

[காட்சி: கிளிநொச்சி, ஏ9 வீதியோரக் கடைகள்]

சட்டம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அதன் கீழ் 2000இல் வந்த ஒழுங்குவிதிகள். கால் ஹெக்டெயருக்கு மேற்பட்ட அபிவிருத்தி வேலைக்குத் தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டும், அதாவது வேலை தொடங்க முதல் அங்கே பழம்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. நம்முடைய கணக்கில் ஏறத்தாழ 10 பரப்பு. டவுனில் பெரும்பாலான கடைக்காணி அதைவிடச் சின்னது. ஆகவே பத்துக் கடை தனித்தனியாக எழும்பினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

மதிப்பீட்டில் கேள்வி இரண்டு. இங்கே என்ன இருந்திருக்கலாம்? அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

முதல் கேள்விக்கு மண்வெட்டி தேவையில்லை. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள், காணி உறுதிகள், 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேடு, ஊர்ப் பெரியவர்கள். கிளிநொச்சி என்றால் "1930களின் குடியேற்றத் திட்டத்தோடு வந்த ஊர்தானே, அடியில் என்ன இருக்கப்போகுது?" என்பார்கள். பக்கத்து இரணைமடுப் பகுதியின் கிரவல் படைகளில் கிடைத்த கற்கருவிகளுக்குத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல கணித்த வயது ஏறக்குறைய 125,000 ஆண்டுகள். பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் செய்த ஆய்வுகளும், திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில் மாந்தைத் துறைமுகத்தில் 1980களில் ஜோன் கார்ஸ்வெல் செய்த அகழ்வும் கையில் இருக்கின்றன. யுத்தம் வந்து மாந்தை வேலை நின்றது. ஆக, "ஒன்றுமில்லை" என்பதை முதலே சொல்லக்கூடாது, தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

[காட்சி: பழைய கிணறு, கிட்டத்தில்]

இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பிடித்த இடம் கிணறு. கட்டுக் குறையாகவோ இடிந்தோ இருக்கிற கிணற்றுக்குள், தண்ணீர் வற்றிய காலத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். மேலே கொங்கிறீட் உடைசல், ஓட்டுத்துண்டு, போத்தில் கண்ணாடி. அதற்குக் கீழே கறுத்த மண், நடுவில் சாம்பல் கோடு ஒன்று ஓடலாம். அதற்கும் கீழே சிவந்த கிரவல். அந்தச் சாம்பல் கோட்டில் பானை ஓடு நீட்டிக்கொண்டிருந்தால், உட்புறமும் விளிம்பும் கறுப்பாக, வெளிப்புறம் சிவப்பாக இருக்கிறதா என்று கவனியுங்கள். சூளையில் கவிழ்த்துச் சுட்டதால் வரும் நிறம் அது. பெருங்கற்காலப் புதைகுழிகளிலும் ஆதி ஊர்களிலும் கிடைக்கிற வகை. பிடுங்காதீர்கள். படம் எடுத்து, ஆழத்தைக் குறித்துவிட்டு விடுங்கள்.

பொறியியலாளர் எப்படியும் மண் பரிசோதனைக்குத் துளை போடுவார். அன்றைக்கே தொல்லியல் தெரிந்த ஒருவரும் நின்றால் செலவு பெரிதாகக் கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு மீற்றர் சதுரத்தில் சோதனைக்குழி வெட்டி, மண்ணை மெல்லிய படைபடையாக எடுத்து அரிதட்டில் அரிக்க வேண்டும்.

வன்னியில் மட்டும் வருகிற சிக்கல்கள் வேறு. முதலில் கண்ணிவெடி அகற்றிய இடமா என்று உறுதிப்படுத்துங்கள், அதற்கு முதல் ஒரு கம்பிகூட இறக்கவேண்டாம். பங்கரும் மண் அணையும் வெட்டிய இடத்தில் மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாகக் கிடக்கும். மண்ணுக்குள் செல்துண்டு நிறைந்திருப்பதால் காந்தமானிக் கருவி எல்லாப் பக்கமும் கத்தும். அதை நம்பிக் காசைக் கொட்டுவது வீண். மனித எலும்பு வந்தால் அது பழையதா புதியதா என்று நீங்களோ மேசனோ முடிவெடுக்க முடியாது. வேலையை நிறுத்தி, பொலிஸுக்கு அறிவித்து, நீதவான் வரும்வரை யாரும் கை வைக்கக்கூடாது.

[காட்சி: கட்டுமான இடம், நிற்கிற பெக்கோ]

இனி, பலர் வாய்விட்டுச் சொல்லாத பயம். தொல்லியல் என்று சொன்னால் காணி போய்விடும். தொல்லியல் இடம் என்று காணிகள் எல்லையிடப்பட்ட குருந்தூர்மலையில் நடந்ததைப் பார்த்த முல்லைத்தீவு ஆட்களிடம் அந்தப் பயம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும், ஓடு கிடைத்த அன்றிரவே சீமெந்து போட்டு மூடினால், அந்தக் காணியைப் பற்றிப் பிறகு யார் எந்தக் கதை சொன்னாலும் மறுத்துக்காட்ட நம் கையில் ஒன்றும் இராது. மதிப்பீட்டு அறிக்கையின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். குழிகளின் படங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூடுவதற்கு இன்னொரு காரணம் வெறும் காசு. பெக்கோ சும்மா நின்றாலும் நாள் வாடகை ஓடும். அதனால் ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு வரி போடவேண்டும்: பழம்பொருள் தென்பட்டு வேலை நின்றால், அந்த நாட்களின் வாடகையைக் கட்டுவது காணிக்காரர். அந்த வரி இருந்தால் பெக்கோ ஓட்டுகிற பெடியன் கையை நிறுத்தி ஆளைக் கூப்பிடுவான்.