பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்: அன்றாட வாழ்வில் சமத்துவமும் முன்மாதிரியும்

[காட்சி: காலை நேரம், கல்லடிப் பாலம். சீருடை அணிந்த மாணவர்கள் சைக்கிளில் செல்கிறார்கள்.]

வணக்கம். சமத்துவம் என்ற சொல்லை நம்முடைய பிள்ளைகள் குடியியற் கல்விப் பாடத்தில் படிக்கிறார்கள். ஆனால் யாரை மதிக்க வேண்டும், யாரை மதிக்காமல் விட்டாலும் எவரும் கேட்க மாட்டார்கள் என்பதை அதற்கு வெகு முன்னரே, வீட்டு முற்றத்திலும் வயல் வாடியிலும் கோயில் வீதியிலும் பெரியவர்களைப் பார்த்துப் பழகிவிடுகிறார்கள். இந்த வீடியோ அந்தப் பழக்கத்தைப் பற்றியது.

சட்டத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசத் தேவையில்லை. அது தெளிவாகவே இருக்கிறது. சாதியைக் காரணம் காட்டி ஒருவரைப் பாடசாலையிலோ கடையிலோ கோயிலிலோ தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் நிறைவேறியது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அதன் 12 ஆவது உறுப்புரையில், இனம், மதம், மொழி, சாதி, பால் போன்ற எதன் பெயராலும் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. ஆயினும் எந்தச் சட்டமும் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, நீங்கள் யாரை எப்படி அழைக்கிறீர்கள் என்று விசாரிப்பதில்லை.

[காட்சி: ஒரு வீட்டு முற்றம். முதியவர் ஒருவர் வேலி கட்டிக்கொண்டிருக்கிறார்.]

வேலி கட்டுவதற்காக அறுபது வயதைக் கடந்த ஒருவர் வந்திருக்கிறார். அவரைவிட இருபது வயது இளையவரான வீட்டுக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இந்தா, தேத்தண்ணியக் குடி" என்கிறார். தேநீர் வருவது, கிணற்றடிப் பக்கம் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு குவளையில். திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதத் தொடங்குகிறது. அடுத்த கிழமை அந்தப் பிள்ளையும் அதே முதியவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் அதைக் கண்டிக்கப் போவதுமில்லை.

அந்தத் தனிக் குவளையை விட அந்தப் பிள்ளையின் வாயில் வரும் "வா, போ" என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஏனெனில் உறவுமுறை சொல்லி அழைப்பது இலங்கையின் கிழக்கில் உள்ள நம் பகுதியின் சொத்து. ஆரையம்பதியும் காத்தான்குடியும், காரைதீவும் நிந்தவூரும் அடுத்தடுத்து வாழும் இந்த மண்ணில், தமிழர்களும் முஸ்லிம்களும் எத்தனையோ கசப்புகளுக்குப் பின்னரும் சந்தையிலும் வயலிலும் ஒருவரையொருவர் மச்சான் என்றும் காக்கா என்றும் அழைக்கிறார்கள். சமயம் கடந்து செல்லும் அந்த உறவுமுறை, தன் ஊருக்குள்ளேயே வேலி கட்டவும் துணி வெளுக்கவும் மேளம் அடிக்கவும் வருகின்ற மனிதரிடம் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது?

"வாங்க மாமா, இரிங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு வேலையத் தொடங்குங்க." இந்த ஒரு வசனத்தையும், வீட்டார் குடிக்கும் அதே குவளையையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு வேறு பாடம் தேவைப்படாது.

[காட்சி: காரைதீவு, பின்னர் கல்லடி உப்போடை, சிவானந்த வித்தியாலயம்.]

காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த விபுலானந்த அடிகளாரின் சிறப்புகளை நம் மாணவர்கள் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள்: 1929 இல் சிவானந்த வித்தியாலயம், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அதே பெருமை. அண்ணாமலையில் பேராசிரியராக இருந்த காலத்தில், பக்கத்திலிருந்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்குத் தாமே சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார் என்பதை அந்தப் பட்டியலின் தலைப்பில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். பேராசிரியர் பதவி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அந்தச் சேரிக்குப் போகும் பாதை எல்லோருக்கும் திறந்தே இருந்தது.

[காட்சி: புதிதாகக் கட்டப்படும் ஒரு வீடு. அரிகல், சீமெந்து மூட்டைகள்.]

இனி வீட்டுக்குள் வருவோம். கிழக்கில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும், திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதும் நீண்ட கால வழக்கம். இதைச் சொல்லி, எங்கள் பெண்களுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வீட்டைக் கட்டி முடிப்பதற்காகவே எத்தனை தாய்மார் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போனார்கள் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமிக்குப் பின்னர், பெண்ணின் பெயரில் வளவு, அதாவது வீட்டுக் காணி, இருந்த பல குடும்பங்களில்கூட, குடும்பத் தலைவர் ஆணே என்ற எண்ணத்தில் புதிய வீட்டின் பத்திரங்கள் கணவன் பெயருக்கு எழுதப்பட்டன. அரச காணி அனுமதிப்பத்திரங்களிலும், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் கொடுத்திருந்தது. 2022 ஆம் ஆண்டில்தான் அது திருத்தப்பட்டது.

அலுவலகத்தில் படிவத்தை நீட்டும்போது, "வளவு மனைவியின் பெயரில் இருக்கிறது, வீடும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்" என்று சொல்லும் ஒரு தகப்பன், கூடச் சென்ற மகனுக்கும் மகளுக்கும் எவ்வளவு பெரிய விடயத்தைக் காட்டிவிடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவரே இரவில் தான் உண்ட தட்டைத் தானே கழுவி வைத்தால், "தங்கச்சி கழுவட்டும்" என்று மகன் எழுந்து போக முடியாது.

[காட்சி: வயல். பெண்களும் ஆண்களும் வரிசையாகக் குனிந்து புல்லுப் பிடுங்குகிறார்கள்.]

கடைசியாக வயல். ஒரே வரம்பில் இறங்கி, ஒரே வெயிலில், ஒரே நேரம்வரை புல்லுப் பிடுங்கியவர்களுக்கு மாலையில் கூலி எண்ணும்போது, பல இடங்களில் பெண்ணுக்குக் குறைவாகவே கொடுக்கப்படுகிறது. ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். மூட்டை தூக்கியவருக்கு அந்த வேலைக்குரிய கூலியைத் தனியாகக் கொடுக்கலாம்; புல்லுப் பிடுங்கியதற்கான கூலியில் வித்தியாசம் இருக்க நியாயமில்லை. வருகிற மாரிப் போகத்துக்கு ஆள் பேசும்போதே, இருபாலாருக்கும் ஒரே கூலிதான் என்று வயற்சொந்தக்காரரான போடியாரும் அவருக்காக வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரரும் வெளிப்படையாகச் சொல்லி, மாலையில் எல்லோர் முன்னிலையிலும் எண்ணிக் கொடுத்தால், அயல் வட்டையில், அதாவது பக்கத்து வயற்பரப்பில், வேலை செய்பவர்கள் அன்றிரவே அதை அறிந்துகொள்வார்கள். மறுநாள் காலையில் தங்கள் போடியாரிடமும் அதையே கேட்பார்கள்.