பரிகாரத்துக்கு மசியாத பேய்

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானியப் பேய்ப்படங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது, "மாலை ஏழு மணிக்குத்தானே?" என்று கேட்டேன். "ஆமாம் சார், நீங்கள் பேசி முடித்ததும் படம் போடுகிறோம்" என்றார்கள். அப்படியென்றால் பத்து மணிவாக்கில் நீங்கள் ஒவ்வொருவரும் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் போகிறீர்கள். அந்தப் பாவம் என்னைச் சேராது.

முதலில் சொந்தக் கதை. ஹிடியோ நகாட்டாவின் 'ரிங்கு' ஜப்பானில் வெளியானது 1998 ஜனவரியில். எனக்கு அது வந்து சேர சில வருஷம் ஆனது. நடைபாதைக் கடையில் வாங்கிய விசிடி. நகலுக்கு நகல் எடுத்த நகல். முகமெல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் கலங்கித் தெரிந்தது. ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர்கள் ஏழாவது நாள் செத்துப்போகிறார்கள், அதை நகல் எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால்தான் தப்பிக்கலாம் என்பது கதை. இதைத் திருட்டு நகலில் பார்த்தவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மறுநாள் ஒரு நண்பன் அந்தத் தட்டை இரவல் கேட்டான். அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று முன்வரிசையில் ஒருவர் முறைக்கிறார். கால் நூற்றாண்டு தாண்டிய படம், மன்னிக்க வேண்டும். இன்னும் விரிவாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் என் பேச்சே அந்த முடிவைப் பற்றித்தான்.

ரேய்கோ ஒரு நிருபர். கேசட்டைப் பார்த்துவிட்டாள். விவாகரத்தான கணவன் ர்யூஜியும் பார்த்துவிட்டான். இருவரும் தேடிப் போய், இசுவில் ஒரு விடுதியின் தரைக்கு அடியில் மூடிக் கிடக்கும் கிணற்றைக் கண்டுபிடிக்கிறார்கள். கேசட்டுக்குப் பின்னால் இருக்கும் பேய் சடாகோ. அவளை அப்பனே அதில் தள்ளிக் கொன்றிருக்கிறான். வாளி வாளியாகத் தண்ணீரை இறைக்கிறார்கள். ரேய்கோவுக்குக் கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கைகள் ஓய்ந்துபோகின்றன. தண்ணீருக்குள் துழாவும்போது விரலில் கொத்தாகத் தலைமுடி சிக்குகிறது. அப்புறம் மண்டை ஓடு. கண்குழியிலிருந்து சேறு வழிகிறது. அலறிக்கொண்டு விலகவில்லை அவள், பெற்ற பிள்ளையைப் போல நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறாள். கெடு தாண்டிவிட்டது. உயிரோடுதான் இருக்கிறாள்.

பார்க்கிற நமக்கும் அப்பாடா என்றிருக்கிறது. அநியாயமாகச் செத்தவளின் எலும்பை எடுத்தாயிற்று, அவளுக்காக ஒருத்தி அழுதாயிற்று. கணக்குத் தீர்ந்தது. படம் அங்கேயே முடிந்திருந்தால் நல்ல பேய்ப்படம் என்று சொல்லி மறந்திருப்போம். ஆனால் மறுநாள் ர்யூஜி வீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது டிவி தானாக ஓடத் தொடங்குகிறது. திரையில் அதே கிணறு. அதிலிருந்து ஏறிவந்த சடாகோ டிவியை விட்டே வெளியே வருகிறாள், ர்யூஜி பிணமாகிறான்.

அந்தப் பரிகாரம் பலிக்கவில்லை. அதற்குமுன் ஜப்பானியப் பேய்க்கதையில் இது எவ்வளவு பெரிய அத்துமீறல் என்று தெரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சுகவாரா நோ மிச்சிசானே என்று ஓர் அறிஞர், அரசவை அதிகாரி. எதிரிகளின் சதியால் தலைநகரை விட்டுத் துரத்தப்பட்டு 903ஆம் ஆண்டு தூரதேசத்தில் செத்துப்போனார். பின்னால் அவரை விரட்டியவர்கள் ஒவ்வொருவராகச் சாக, 930இல் அரண்மனை மேலேயே இடி விழுந்தது. மிச்சிசானேயின் கோபம்தான் என்று அரசவை நடுங்கியது. என்ன செய்தார்கள்? பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள், கோயில் கட்டினார்கள். இன்றைக்கு அவர் தென்ஜின் என்கிற கல்விக் கடவுள். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். நெஞ்சில் வன்மத்தோடு செத்த ஆவிக்கு ஓன்ரியோ என்று பெயர். அந்த ஓன்ரியோவுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு பேச்சுவார்த்தை சாத்தியமாக இருந்தது.

அடுத்து ஓயிவா. 1825இல் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், நான்காம் சுருயா நம்போகு எழுதி மேடையேறிய கபுகி நாடகம் 'யோத்சுயா கைதான்'. கைதான் என்றால் அமானுஷ்யக் கதை. இயேமோன் என்ற வேலையற்ற சாமுராய்க்குப் பக்கத்துப் பணக்கார வீட்டில் பெண் கொடுக்கத் தயார். குறுக்கே நிற்பவள் மனைவி ஓயிவா. பிள்ளை பெற்று மெலிந்து கிடப்பவளுக்கு மருந்து என்று விஷத்தை அனுப்புகிறது பணக்கார வீடு. முகம் வீங்கி ஒரு கண் தொங்கிவிடுகிறது. அவள் கண்ணாடி பார்க்கிறாள். பிறகு சீப்பை எடுத்துத் தலைவாரத் தொடங்குகிறாள். மானத்தோடு நாலு பேர் முன்னால் போய் நியாயம் கேட்க வேண்டும் என்றால் தலைவாரிக்கொள்ள வேண்டாமா? ஒவ்வொரு வாரலுக்கும் முடி கொத்துக்கொத்தாக ரத்தத்தோடு வருகிறது. மேடையில் இந்தக் காட்சியின் சூட்சுமம் என்ன தெரியுமா? மேடைப் பலகைக்கு அடியில் ஓர் ஆள் உட்கார்ந்துகொண்டு, கீழிருந்து முடியை மேலே தள்ளிக்கொண்டே இருப்பார். குவியல் வளர்ந்துகொண்டே போகும். ஒரு தலையில் இவ்வளவு முடி இருக்க முடியாது என்று புத்திக்குத் தெரியும், வயிறு கேட்காது.

செத்த பிறகு ஓயிவா இயேமோனை ஓட ஓட விரட்டுகிறாள். எரிகிற காகித விளக்குக்குள்ளிருந்து வெளியே வரும் ஒரு தந்திரக் காட்சியும் இந்த நாடகத்தில் பிரசித்தம். விளக்குக்குள்ளிருந்து வந்தவள் ஒருநாள் டிவிக்குள்ளிருந்து வருவாள் என்று யார் கண்டார்கள்? ஆனால் கவனியுங்கள், ஓயிவாவின் கோபத்துக்கு முகவரி உண்டு. அநியாயம் செய்தவனையும் அவனோடு கூட்டுச் சேர்ந்தவர்களையும் தேடி வருகிறாள். நியாயமான பேய். நாடகக்காரர்களும் அவளை அப்படித்தான் நடத்துகிறார்கள்: இந்தக் கதையை நடிப்பதற்கு முன் ஓயிவாவின் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவது இன்றும் வழக்கம்.

பல தடவை படமான கதை இது. நொபுவோ நகாகாவா 1959இல் எடுத்ததைப் பாருங்கள். சின்ன கம்பெனிப் படம், ஆனால் ஓயிவாவையும் இன்னொரு பிணத்தையும் கதவுப் பலகையில் இருபுறமும் அறைந்து ஆற்றில் விடுகிற காட்சி மறக்காது. வெளியானது கோடையில். ஜப்பானில் பேய்க்கதைக்குப் பருவமே கோடைதான். முன்னோர் வீடு திரும்பும் ஓபோன் பண்டிகை வருகிற சமயம் அது. புழுக்கத்தில் முதுகு சில்லிடட்டும் என்று பேய்நாடகம் போடுவார்களாம். ஏசி இல்லாத காலத்து ஏற்பாடு.

மசாக்கி கொபயாஷியின் 'கைதான்' 1964ஐச் சேர்ந்தது. லாஃப்காடியோ ஹெர்ன் கிரேக்கத் தீவில் பிறந்து, ஜப்பானில் குடியேறி, செத்சு என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். மனைவி வாய்வழி சொன்ன பழங்கதைகளை ஆங்கிலத்தில் எழுதினார். கொபயாஷி அதிலிருந்து எடுத்தவற்றில் காதில்லாத ஹோயிச்சியின் கதை ஒன்று. 1185இல் தான்னோஉரா கடற்போரில் அழிந்துபோன ஹெய்க்கே குலத்து ஆவிகள், குருட்டுப் பாணன் ஒருவனை இரவுதோறும் அழைத்துப்போய், தாங்கள் தோற்ற கதையைத் தாங்களே கேட்டு அழுகின்றன. அவனைக் காப்பாற்ற உடம்பு முழுக்கப் புத்த சூத்திரத்தை எழுதுகிறார்கள். எழுத்து இருக்கும் இடம் ஆவிக்குத் தெரியாது. காதில் எழுத மறந்துவிட்டார்கள். இருட்டில் இரண்டு காதுகள் மட்டும் மிதப்பதைக் கண்ட ஆவி அவற்றைப் பிய்த்துக்கொண்டு போகிறது. இங்கேயும் பரிகாரம் பலிக்கத்தான் செய்கிறது, எழுதியவர் கவனக்குறைவுதான் பிசகு. இந்தப் படத்துக்கு தோரு தகெமித்சு இசை. பல இடங்களில் இசையே கிடையாது. மரம் முறிகிற சத்தம் ஒன்று கேட்கும், அதுவும் நாம் எதிர்பார்த்த நேரத்தில் கேட்காது.

அதே ஆண்டு கனெட்டோ ஷிந்தோ 'ஓனிபாபா' எடுத்தார். ஆளுயர நாணல்காட்டில் மாமியாரும் மருமகளும் வழிதவறிவரும் சாமுராய்களைக் கொன்று கவசத்தை விற்றுச் சாப்பிடுகிறார்கள். கடைசியில் முகத்தோடு ஒட்டிக்கொண்ட முகமூடியைப் பிய்த்தெடுக்கும்போது தெரியும் முகத்தை, அணுகுண்டில் வெந்தவர்களின் முகத்தை வைத்து உருவாக்கியதாக ஷிந்தோ சொல்லியிருக்கிறார். அவர் ஹிரோஷிமாக்காரர்.

சரி, இப்போது தொண்ணூறுகளுக்கு வருவோம். தியேட்டருக்கே போகாமல் நேராகக் கேசட் கடைக்கு வருகிற மலிவு வீடியோப் படங்கள் ஜப்பானில் பெருகியிருந்த நேரம். 1991இல் நோரியோ சுருதா, 'உண்மையாக நடந்த பயங்கரக் கதைகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு வீடியோ வரிசையை எடுத்தார். அதில் பேய் பாயாது, கத்தாது. முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், பின்னால் மங்கலாக ஒன்று நின்றுகொண்டிருக்கும். கேமரா அதைக் கண்டுகொள்ளாது. நீங்கள்தான் கண்டுகொள்ள வேண்டும். இயக்குநர் கியோஷி குரோசாவா, 'ரிங்கு'வுக்குத் திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகாஹாஷி போன்றவர்களுக்கு இது பாடப்புத்தகமாக ஆனது. பணம் இல்லாததால் வந்த அழகு என்றே சொல்வேன். முகத்தைத் தெளிவாகக் காட்ட ஒப்பனைக்குச் செலவாகும், முடியால் மூடிவிட்டால் செலவு இல்லை.

சடாகோவை அப்படித்தான் மூடினார்கள். அவளாக நடித்தவர் ரியே இனோ. கிணற்றிலிருந்து ஏறி நம்மை நோக்கி வருகிற காட்சியில் அவரைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டினார்கள். அதனால்தான் ஒவ்வொரு அடியும் வெட்டி வெட்டி, யாரோ மூட்டைக் கழற்றி மாட்டியதுபோல் விழுகிறது. மனித உடம்புதான், ஆனால் எங்கோ தப்பு. கடைசியில் முடிக்கு இடையே ஒரே ஒரு கண். தொங்கிய கண்ணோடு நின்ற ஓயிவா ஞாபகம் வராமல் போகாது.

இந்தச் சடாகோவிடம் நியாயம் பேச முடியாது. ர்யூஜி அவளுக்கு என்ன கெடுதல் செய்தான்? கிணற்றில் இறங்கி உதவியவன் அவன். தகாஷி ஷிமிசுவின் 'ஜு-ஓன்' இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. சினிமாப் பள்ளியில் குரோசாவாவிடமும் தகாஹாஷியிடமும் படித்தவர் ஷிமிசு. 1998இல் டிவிக்காக மூன்று நிமிடம் ஓடும் இரண்டு குட்டிப்படங்கள் எடுத்தார். ஒன்றின் தலைப்பு வெறும் பத்து நான்குகள். ஜப்பானிய மொழியில் நான்குக்கும் சாவுக்கும் ஒரே ஒலி, 'ஷி'. அங்கே தொடங்கிய கதைதான் வீடியோவாகி, 2003இல் தியேட்டருக்கு வந்து, அடுத்த ஆண்டே அவர் கையாலேயே அமெரிக்கப் படமாகவும் ஆனது. அதில் வரும் பேய் கயாகோ, தன் வீட்டிலேயே சந்தேகப்பட்ட கணவன் கையால் செத்தவள். அவனும் செத்துவிட்டான். அதோடு அவள் கோபம் ஆறியதா? இல்லை. அந்த வீட்டுக்குள் கால் வைத்த சமூக சேவகி, குடிவந்த குடும்பம், விசாரிக்க வந்த போலீஸ் என்று எல்லோரையும் அது தொடர்கிறது. பயந்து போர்வைக்குள் ஒளிகிறாள் ஒருத்தி. போர்வைக்குள்ளேயே இருக்கிறாள் கயாகோ. ஆறு வயதிலிருந்து நாம் நம்பிய ஒரே பாதுகாப்பும் போயிற்று! தொண்டையில் அவள் எழுப்பும் அந்தக் கரகரப்பு இருக்கிறதே, அது இயக்குநர் ஷிமிசுவின் சொந்தக் குரல்.

தகாஷி மீகேயின் 'ஆடிஷன்' பற்றிச் சொல்லவில்லையே என்று பிறகு கேட்காதீர்கள். அதில் வருவது பேய் இல்லை, மனுஷி. அதற்குத் தனிக் கூட்டம் போட வேண்டும்.

என்னைக் கேட்டால் இவர்களில் பெரியவர் கியோஷி குரோசாவாதான். அகிரா குரோசாவாவுக்குச் சொந்தமில்லை, பெயர் ஒற்றுமை மட்டும். 1997இல் வந்த 'க்யூர்' படத்தில் சாதாரண ஆட்கள், ஓர் ஆசிரியர், ஒரு போலீஸ்காரர், ஒரு மருத்துவர், எந்த முன்விரோதமும் இல்லாமல் பக்கத்தில் இருப்பவரைக் கொன்று பெருக்கல் குறி போல அறுத்துவைக்கிறார்கள். எல்லோரும் அதற்கு முன் ஞாபகம் இல்லாத ஓர் இளைஞனைச் சந்தித்திருக்கிறார்கள். அவன் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்து, "நீ யார்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறான். வேலையைச் சொன்னாலும் பெயரைச் சொன்னாலும் மறுபடியும் அதே கேள்வி. 2001இல் 'கைரோ'. இணையத்தின் வழியாக ஆவிகள் வருகின்றன. ஒரு பெண் உருவம் மெதுவாக நடந்துவந்து, நடுவில் ஒருமுறை கால் இடறி மறுபடி நிமிரும். அவ்வளவுதான். திடுக்கிடவைக்கும் சத்தம் எதுவும் கிடையாது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே போய்விட்டேன்.

குற்றம் செய்தவனைத் தேடி வந்த பேய், ஏன் தொண்ணூறுகளில் யாரையும் பிடிக்கிற பேயாக மாறியது? பொருளாதாரம் சரிந்து வேலை போன பத்தாண்டு அது. 1995 ஜனவரி 17 அதிகாலை கோபேயில் பூகம்பம், ஆறாயிரத்துக்கும் மேல் சாவு. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 20 காலை, டோக்கியோ சுரங்க ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் மேல் ஒரு மதக்குழு சாரின் விஷவாயுவை அவிழ்த்துவிட்டது. அந்தப் பெட்டியில் ஏறியதைத் தவிர அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. குரோசாவா பிறந்த ஊர் கோபே. இதனால்தான் அது என்று நான் முடிச்சுப்போடவில்லை. ஆனால் 1997, 98இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஜப்பானியருக்கு, "அவன் என்ன தப்புச் செய்தான்?" என்ற கேள்வி வேறு மாதிரி கேட்டிருக்கும்.

மணி ஆகிறது. இன்றைக்கு நாம் பார்க்கப் போவது நகாட்டா 2002இல் எடுத்த 'டார்க் வாட்டர்'. விவாகரத்து வழக்கு நடக்கிறது. மகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் போராடும் தாய், கையில் காசில்லாமல், ஓர் ஈரம்பிடித்த பழைய குடியிருப்பில் வாடகைக்கு வருகிறாள். கூரையில் ஒரு கறை. குழாய்த் தண்ணீரில் முடி. தூக்கிப் போட்டாலும் திரும்பி வருகிற ஒரு சிவப்புக் கைப்பை. இதில் வரும் பேய் பழிவாங்க வரவில்லை. அதற்கு வேண்டியது வேறு ஒன்று, நான் சொல்ல மாட்டேன், ஒரு முடிவைக் கெடுத்தது போதும்.

லிஃப்ட் வருகிற காட்சிகளில் எல்லோரும் கதவையே பார்ப்பீர்கள். அந்தக் கண்காணிப்பு கேமராத் திரை இருக்கிறது பாருங்கள், அதில் ஒரு கண் வையுங்கள். சரி, தம்பி, விளக்கை அணைத்துவிடுங்கள்.